யுனிக்ஸில் கணித மென்பொருள் நிறுவும்போது வரும் கம்பைலர், லைப்ரரிப் பிழைகள்: அறிகுறி வாரியாக

சென்னையில் ஒரு கல்லூரியின் கணிதத் துறை ஆய்வகத்தில் கணினிகளைப் பராமரிக்கிறேன். பாரி ஜிபி (எண் கோட்பாட்டுக் கணக்குகளுக்கானது), ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர் (பல இலக்க எண்களுக்கான லைப்ரரிகள், அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுதிகள்), ஆக்டேவ் (அணிக் கணக்குகளுக்கானது), சேஜ் (பல கணித மென்பொருள்களின் தொகுப்பு) போன்றவற்றை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி) நிறுவும் வேலை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வந்து நிற்கும். ஆய்வு மாணவர்கள் தங்கள் மடிக்கணினிகளையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரும் பிழைகள் பெரும்பாலும் பழகிய முகங்கள்தான். அவற்றை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். உதாரணங்கள் உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளுக்கானவை. ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸும் ஆப்பிளின் மேக் கணினியும் வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். வேலையின் படிகள் இவை: ‘கன்ஃபிகர்’ கணினியில் தேவையானவை இருக்கின்றனவா என்று சோதிக்கும், ‘மேக்’ கட்டளை கம்பைலரை ஓட்டும், லிங்கர் கம்பைல் ஆன துண்டுகளை இணைத்து நிரலாக்கும். வெறுமனே மேக் என்றால் இந்தக் கட்டளை, ஆப்பிளுடையதை மேக் கணினி என்றே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கட்டளையால் கிடைக்கும் பதிப்பு போதுமானால் அதையே நிறுவிவிட்டுக் கணக்கைப் பார்க்கப் போங்கள். புதிய பதிப்பில் மட்டும் உள்ள வசதி தேவை, அல்லது நிர்வாகியின் கடவுச்சொல் கிடைக்கவில்லை, அல்லது மூலநிரலையே திருத்தப் போகிறீர்கள் என்றால்தான் கம்பைல் செய்வதில் பொருள் உண்டு.

எந்த அறிகுறியானாலும் முதலில்: சரியான வரியைக் கண்டுபிடியுங்கள்

வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் படங்களில் எப்போதும் திரையின் கடைசி வரிதான் இருக்கும்: ‘மேக்: எரர் 2’. அந்த வரி எதையும் சொல்வதில்லை. கீழே ஏதோ ஒன்று தோற்றது என்பதை மேக் தன் மேல்நிலைக்குத் தெரிவிக்கிறது, அவ்வளவுதான். உண்மையான காரணம் பல நூறு வரிகளுக்கு மேலே, ‘எரர்’ என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தில் இருக்கும். முதல் பிழையைத் திருத்தினால் அடுத்து வந்த இருபது பிழைகளும் தாமாகவே மறைவது வழக்கம்.

அதனால் மேக் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். இந்த முறை வெளியீட்டை ‘டீ’ கட்டளை வழியாக ஒரு கோப்பில் சேமியுங்கள். பிழை ஓடையையும் அதோடு சேர்த்துவிடுங்கள். ‘ஜே’ என்ற இணை ஓட்டத் தேர்வை எடுத்துவிடுங்கள். நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினால் நான்கின் செய்திகளும் பின்னிக்கொண்டு வரும்.

கணினியின் மொழி தமிழாகவோ வேறு மொழியாகவோ அமைக்கப்பட்டிருந்தால், ‘எல்சி ஆல்’ மாறியை ‘சி’ என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள். செய்திகள் மூல ஆங்கிலத்தில் வரும், தேடுவதற்கும் அதுதான் உதவும்.

தோற்றது மேக் அல்ல, அதற்கு முந்தைய கன்ஃபிகர் என்றால், அதே கோப்புறையில் ‘கன்ஃபிக் லாக்’ என்ற கோப்பு இருக்கும். அதன் கடைசிப் பக்கங்கள் வெறும் மாறிகளின் பட்டியல். அதைத் தாண்டி மேலே போய், ‘ஃபெயில்ட் ப்ரோக்ராம் வாஸ்’ என்று கடைசியாக வரும் இடத்தைத் தேடுங்கள். அதற்கு ஓரிரு வரி மேலே கம்பைலர் சொன்ன உண்மையான குறை இருக்கும்.

அறிகுறி: கன்ஃபிகர் தொடங்கியதுமே நின்றுவிடுகிறது

*‘நோ அக்செப்டபிள் சி கம்பைலர் ஃபவுண்ட்’ என்றால்:* கம்பைலரே இல்லை. உபுண்டுவில் ‘பில்ட் எசென்ஷியல்’ தொகுப்பை நிறுவுங்கள். மேக் கணினியில் ‘எக்ஸ்கோடு செலக்ட்’ கட்டளையை ‘இன்ஸ்டால்’ தேர்வுடன் ஓட்டுங்கள். மேக் கணினியில் ஜிசிசி என்ற கம்பைலரின் பெயரில் இருப்பது உண்மையில் க்ளாங் என்ற வேறு கம்பைலர் என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபோர்ட்ரான் கம்பைலர் அதில் கிடையாது. ஆக்டேவுக்கு அது தேவை என்பதால், மேக் கணினியில் மென்பொருள் நிறுவும் கருவியான ஹோம்ப்ரூ மூலம் ஜிசிசியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

*‘நோ யூசபிள் எம்4’ என்றால்:* ஜிஎம்பி தன் அசெம்பிளி நிரல்களை உருவாக்க எம்4 என்ற சிறு கருவியைப் பயன்படுத்துகிறது. அதை நிறுவினால் முடிந்தது.

*‘சி கம்பைலர் கேனாட் க்ரியேட் எக்ஸிக்யூடபிள்ஸ்’ என்றால்:* கம்பைலர் இருக்கிறது, ஆனால் ஒரு சிறு நிரலைக்கூட அதனால் முழுமையாக்க முடியவில்லை. இந்த வரிசையில் பாருங்கள். கம்பைலருக்கும் லிங்கருக்கும் தேர்வுகளைக் கொடுக்கும் சிஃப்ளாக்ஸ், எல்டிஃப்ளாக்ஸ் மாறிகளில் பழைய முயற்சியின் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் நீக்குங்கள். வட்டு நிறைந்துவிட்டதா? ‘டிஎஃப்’ கட்டளை சொல்லும். தற்காலிகக் கோப்புறையான ‘டெம்ப்’ எந்தப் பகிர்வில் இருக்கிறது என்றும் பாருங்கள். ‘லிப்சி6 டெவ்’ தொகுப்பு இருக்கிறதா? மேக் கணினி என்றால், இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு எக்ஸ்கோடு உரிமத்தை மறுபடி ஏற்க வேண்டியிருக்கலாம்.

*‘குட் நாட் ஃபைண்ட் எ வொர்க்கிங் கம்பைலர்’ என்றால்:* இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல புதிய கணினி வைத்திருப்பவர்களைத்தான் இது பிடிக்கிறது. 2023இல் வந்த ஜிஎம்பி 6.3.0 பதிப்பை, 2025இல் வந்த ஜிசிசி 15ஆல் கம்பைல் செய்ய முயன்றால் இந்தச் செய்தி வரும். கம்பைலர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை நீக்கி நிறுவி, மறுபடி நீக்கி நிறுவி, ஒரு நாளையே தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பைலரில் எந்தக் குறையும் இல்லை. கன்ஃபிக் லாக்கைத் திறந்தால், ‘ஜி’ என்ற சார்புக்கு அளவுக்கு மேல் உள்ளீடுகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன, எதிர்பார்த்தது 0, வந்தது 6 என்று கம்பைலர் சொல்லியிருக்கும். ஜிசிசி 15 இயல்பாகவே சி23 தரத்தைப் பின்பற்றுகிறது. அந்தத் தரத்தில் வெற்று அடைப்புக்குறி என்றால் உள்ளீடே கிடையாது என்று பொருள். பழைய தரத்தில் அப்படி இல்லை. ஜிஎம்பியின் சோதனை நிரல் பழைய முறையில் எழுதப்பட்டது.

தீர்வு ஒரு வரிதான்: கன்ஃபிகரை ஓட்டும்போது, எந்தக் கம்பைலர் என்று சொல்லும் சிசி மாறிக்கு ‘ஜிசிசி’ என்பதோடு ‘எஸ்டிடி=க்னூ17’ என்ற தேர்வையும் சேர்த்துக் கொடுங்கள். இதை சிஃப்ளாக்ஸில் வைக்காமல் சிசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிஃப்ளாக்ஸை நீங்கள் கொடுத்தால், உங்கள் செயலிக்கேற்ப ஜிஎம்பி தானாகத் தேர்ந்தெடுக்கும் வேகத் தேர்வுகள் போய்விடும்.

அறிகுறி: கடிகாரம், கோப்புறை, அனுமதி பற்றிய விநோதமான செய்திகள்

*‘க்ளாக் ஸ்க்யூ டிடெக்டெட்’ அல்லது ‘செக் யுவர் சிஸ்டம் க்ளாக்’ என்றால்:* ‘டேட்’ கட்டளையைத் தட்டிப் பாருங்கள். ஆண்டு பல வருடம் பின்னால் இருக்கும். எதைத் திரும்பக் கம்பைல் செய்வது என்பதைக் கோப்புகளின் நேரத்தை வைத்துத்தான் மேக் முடிவு செய்கிறது. நேரம் தவறினால் மேக் குழம்பிவிடும். இணையத்தில் இருக்கும் கணினியானால் நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை இயக்குங்கள். மின்வெட்டுக்குப் பிறகு மறுபடியும் பழைய ஆண்டுக்கே போகிறதென்றால் மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். மேசைக் கணினியில் நீங்களே மாற்றலாம். மடிக்கணினியில் பல வகைகளில் அது ஒயரோடு இணைந்து, உள்ளே ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

*‘அன்சேஃப் ஆப்சல்யூட் வொர்க்கிங் டைரக்டரி நேம்’ என்றால்:* கோப்புறைப் பெயரில் இடைவெளி இருக்கிறது. ‘எம்எஸ்சி ப்ராஜெக்ட்’ என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்த கோப்புறைக்குள் கம்பைல் செய்யாதீர்கள். சேஜும் இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளாது. வீட்டுக் கோப்புறையில் நேரடியாக ‘எஸ்ஆர்சி’ என்று ஒன்றை உருவாக்கி அதில் செய்யுங்கள்.

*‘பெர்மிஷன் டினைட்’ அல்லது ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்றால்:* பென் டிரைவுக்குள்ளேயே கோப்பைப் பிரித்துக் கம்பைல் செய்கிறீர்களா என்று பாருங்கள். பென் டிரைவில் வழக்கமாக உள்ள ஃபேட், எக்ஸ்ஃபேட் அமைப்புகளில் குறியீட்டு இணைப்புகளை உருவாக்க முடியாது, இயக்க அனுமதியையும் கோப்புக்குக் கோப்பு வைக்க முடியாது. வன்வட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வன்வட்டிலும் இதே செய்தி வந்தால் அந்தப் பகிர்வு, நிரல்களை ஓட்ட விடாத ‘நோஎக்ஸெக்’ தேர்வுடன் பொருத்தப்பட்டிருக்கலாம். கல்லூரிக் கணினியில் இதை மாற்றுவது நிர்வாகியின் வேலை.

அறிகுறி: ‘ஜிஎம்பி.ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’

அடிக்கடி வருவதும் எளிதில் தீர்வதும் இதுதான். ‘ஆனால் ஜிஎம்பி ஏற்கெனவே இருக்கிறதே!’ என்பார்கள். இருப்பது ஓடுவதற்கான லைப்ரரி. கம்பைல் செய்ய, லைப்ரரியின் சார்புகளை அறிவிக்கும் தலைப்புக் கோப்புகள் (‘.ஹெச்’ என்று முடிபவை) வேண்டும், அவை தனித் தொகுப்பில் வருகின்றன. உபுண்டுவில் பெயரின் இறுதியில் ‘டெவ்’ சேரும்: லிப்ஜிஎம்பி-டெவ், லிப்எம்பிஎஃப்ஆர்-டெவ், லிப்ரீட்லைன்-டெவ். ஃபெடோராவில் ‘டெவெல்’ என்று முடியும்.

நிறுவியும் அதே செய்தி வருகிறதென்றால் கோப்பு கம்பைலர் தேடாத இடத்தில் இருக்கிறது. ஆப்பிள் சிலிக்கான் மேக் கணினியில் ஹோம்ப்ரூ எல்லாவற்றையும் ‘ஆப்ட் ஹோம்ப்ரூ’ கோப்புறைக்குள் வைக்கும் (இந்த ஆப்ட் கோப்புறையின் பெயர், நிறுவும் கட்டளை அல்ல), க்ளாங் தானாக அங்கே பார்க்காது. சிபிபிஃப்ளாக்ஸில் அதன் ‘இன்க்ளூட்’ கோப்புறையையும், எல்டிஃப்ளாக்ஸில் ‘லிப்’ கோப்புறையையும் கொடுங்கள். வீட்டுக் கோப்புறையில் நிறுவியவர்களுக்கும் இதே வழிதான்.

கேட்கும் கோப்பு ‘ஜிஎம்பிஎக்ஸ்எக்ஸ்.ஹெச்’ என்றால் விஷயம் வேறு. ஜிஎம்பியின் சி++ முகப்பு இயல்பாகக் கம்பைல் ஆவதில்லை. ‘எனேபிள் சிஎக்ஸ்எக்ஸ்’ தேர்வுடன் ஜிஎம்பியை மறுபடி கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் கையால் கட்டுகிறவர்கள் வரிசையைக் காப்பாற்றுங்கள்: முதலில் ஜிஎம்பி, பிறகு எம்பிஎஃப்ஆர், அதன் பிறகு எம்பிசி (கலப்பெண்களுக்கான லைப்ரரி). பின்னது முன்னதை நம்பியிருக்கிறது. மூன்றுக்கும் நிறுவும் இடத்தைச் சொல்லும் ‘ப்ரீஃபிக்ஸ்’ ஒன்றே இருக்கட்டும். தலைப்புக் கோப்பின் பதிப்பும் லைப்ரரியின் பதிப்பும் ஒத்துப்போகவில்லை என்று எம்பிஎஃப்ஆர் குறை சொன்னால், கணினியில் இரண்டு ஜிஎம்பிகள் இருக்கின்றன. தலைப்பு ஒன்றிலிருந்தும் லைப்ரரி மற்றொன்றிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. நீங்கள் கட்டியதில் ஒன்றை நீக்குங்கள். ஆனால் ஆப்ட் நிறுவிய லைப்ரரியைக் கையால் அழிக்காதீர்கள். ஜிசிசியே ஓடுவதற்கு இந்த மூன்று லைப்ரரிகளையும் நம்பியிருக்கிறது. அதை அழித்தால் கம்பைலரும் விழுந்துவிடும்.

அறிகுறி: பழைய மூலநிரல், புதிய கம்பைலர், பக்கம் பக்கமாகப் பிழை

ஒரு பேராசிரியர் தன் ஆய்வுக் காலத்தில் எழுதிய நிரலோ, பல ஆண்டுகளாக யாரும் புதுப்பிக்காத தொகுப்போ இருக்கும். ‘அப்போது ஓடியது’ என்பார். உண்மைதான். கம்பைலர் இப்போது கண்டிப்பாகிவிட்டது.

‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று லிங்கர் சொன்னால் அது ஜிசிசி 10இல் வந்த மாற்றம். ‘எஃப்காமன்’ தேர்வைச் சேர்த்தால் பழைய நடத்தை திரும்பும். அறிவிக்காத சார்பைப் பயன்படுத்தியதாகவோ, சுட்டியின் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறியின்) வகை பொருந்தவில்லை என்றோ சொன்னால் அது ஜிசிசி 14. முன்பு எச்சரிக்கையாக இருந்தவற்றை அது பிழையாக்கிவிட்டது. ஃபோர்ட்ரானில் ‘டைப் மிஸ்மேட்ச்’, ‘ரேங்க் மிஸ்மேட்ச்’ என்று வந்தால் ‘எஃப்-அலவ்-ஆர்க்யுமெண்ட்-மிஸ்மேட்ச்’ தேர்வு உதவும். இதுவும் ஜிசிசி 10இலிருந்து தொடங்கிய கண்டிப்பு.

இவற்றை மருந்து மாத்திரையாக விழுங்காமல், முதலில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதில் இந்தத் திருத்தங்கள் பெரும்பாலும் செய்யப்பட்டிருக்கும். புதிய பதிப்பு இல்லை, பழைய தேர்வுகளும் போதவில்லை என்றால் பழைய ஜிசிசி ஒன்றைப் பக்கத்திலேயே நிறுவி, சிசி மாறியில் அதன் பெயரைக் கொடுங்கள். உபுண்டுவில் பல ஜிசிசி பதிப்புகள் ஒன்றாக இருக்கலாம். கணினியின் இயல்பான ஜிசிசியை நீக்க வேண்டிய தேவை எப்போதும் இல்லை.

அறிவிக்காத சார்பு, சுட்டி வகைப் பிழைகளை மட்டும் தேர்வு கொடுத்து அடக்காதீர்கள். அறிவிக்காத சார்பு எண்ணைத் திருப்பித் தருகிறது என்று பழைய சி அனுமானிக்கும். 64 பிட் கணினியில் சுட்டியின் பாதி அறுந்துபோய்த் தவறான விடையோ தகர்வோ வரும். கணித மென்பொருளில் தவறான விடை தகர்வைவிட மோசமானது. மூலநிரலில் உரிய தலைப்புக் கோப்பைச் சேர்த்துத் திருத்துங்கள், அல்லது எழுதியவரைத் திருத்தச் சொல்லுங்கள்.

அறிகுறி: கம்பைலரே பாதியில் செத்துவிடுகிறது

இங்கே மூன்று கிளைகள். எந்தக் கிளை என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள்.

*‘கில்ட்’ என்ற சொல் வருகிறது.* நினைவகம் தீர்ந்தது. ‘டிமெசேஜ்’ கட்டளையின் வெளியீட்டில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதியிருந்தால் உறுதி. பெரும்பாலும் ‘ஜே’ தேர்வுக்குப் பின்னால் எண் கொடுக்காததுதான் காரணம். எண் இல்லாவிட்டால் மேக் வரம்பே இல்லாமல் வேலைகளைத் தொடங்கிவிடும். ஜே2, பிறகு ஜே1 என்று குறையுங்கள். 4 ஜிபி கணினியில் சேஜ் கட்டுகிறவர்கள் உலாவியை மூடிவிடுங்கள். அதுவும் போதாவிட்டால் சில ஜிபிக்கு ஸ்வாப் கோப்பு (நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் இடம்) உருவாக்குங்கள். மெதுவாக ஓடும், ஆனால் முடியும். கடைசி வழி நினைவகம் வாங்குவது.

*‘இன்டர்னல் கம்பைலர் எரர்’, ஒவ்வொரு முறையும் அதே கோப்பில், அதே வரியில்.* இது கம்பைலரின் பிழை. அந்த ஒரு கோப்புக்கு மட்டும், நிரலின் வேகத்தைக் கூட்டும் தேர்வான ஓ2 என்பதை ஓ1 ஆகக் குறைத்துப் பாருங்கள், அல்லது வேறு ஜிசிசி பதிப்பையோ க்ளாங்கையோ முயலுங்கள்.

*‘இன்டர்னல் கம்பைலர் எரர்’ அல்லது ‘செக்மெண்டேஷன் ஃபால்ட்’, ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில்.* மேக்கை மறுபடி தட்டினால் அந்தக் கோப்பு சரியாகக் கம்பைல் ஆகி, இன்னும் கொஞ்ச தூரம் போய் வேறிடத்தில் விழும். இது மென்பொருள் கோளாறு அல்ல. ஒரே நிரல், ஒரே கம்பைலர், வேறு வேறு முடிவு என்றால் வன்பொருள்தான் தடுமாறுகிறது. கம்பைலர் நினைவகத்தின் மூலை முடுக்கெல்லாம் தொடும் நிரல் என்பதால், சாதாரண வேலையில் தெரியாத குறை இதில் வெளிப்பட்டுவிடும்.

முதலில் வெப்பத்தைப் பாருங்கள். ‘சென்சார்ஸ்’ கட்டளை செயலியின் வெப்பநிலையைக் காட்டும். சித்திரை, வைகாசியில் குளிர்சாதனம் அணைந்த ஆய்வகத்தில் மணிக்கணக்கில் கம்பைல் ஓடினால், தூசி அடைத்த விசிறியால் தாக்குப்பிடிக்க முடியாது. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, தூசியை ஊதி எடுங்கள். அடுத்து நினைவகப் பலகை. நம் ஊர் ஈரக்காற்றில் அதன் பொன்னிற முனைகள் மங்கிவிடுகின்றன. இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கிப் பலகையை எடுத்து, பென்சில் அழிக்கும் சுத்தமான ரப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு, ‘க்ளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். எங்கள் ஆய்வகத்தில் பல கணினிகள் இத்தோடு சரியாகியிருக்கின்றன. பிறகு நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ கருவியை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்தக் கணினியின் கணக்குகளை நம்பக்கூடாது.

இரண்டு பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்துக் கெட்டதைக் கண்டுபிடிக்கலாம். பலகையை மாற்றியும் பிழை தொடர்ந்தால் மதர்போர்டோ மின்வழங்கியோ காரணமாக இருக்கலாம். இது வன்பொருள் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டிய இடம். உத்தரவாதக் காலம் முடியாத கணினியானால் திறப்பதற்கு முன்பே அழைத்துவிடுங்கள்.

*மின்வெட்டு பற்றி ஒரு குறிப்பு.* கம்பைல் ஓடும்போது மின்சாரம் போய் வந்தால், அடுத்த முறை லிங்கர் ‘ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்ட்’ என்று சொல்லக்கூடும். அணைந்த கணத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பூஜ்யம் பைட்டுடன் கிடக்கிறது. அது முடிந்துவிட்டதாக மேக் நம்புகிறது. ‘மேக் க்ளீன்’ ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள். சேஜ் போல மணிக்கணக்கில் ஓடும் ஒன்றானால், பூஜ்ய அளவுள்ள கோப்புகளை ‘ஃபைண்ட்’ கட்டளையால் தேடி அவற்றுள் ‘.ஓ’ என்று முடிபவற்றை மட்டும் அழித்தால் நேரம் மிஞ்சும்.

அறிகுறி: எல்லாம் கம்பைல் ஆனது, ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று லிங்கர் மறுக்கிறது

கட்டளையில் லைப்ரரிகளின் வரிசையை முதலில் பாருங்கள். பயன்படுத்துவது முன்னால், பயன்படுத்தப்படுவது பின்னால் வர வேண்டும்: உங்கள் நிரல், பிறகு எம்பிஎஃப்ஆர், பிறகு ஜிஎம்பி, கடைசியில் கணித லைப்ரரியான ‘எல்எம்’.

வரிசை சரியென்றால், இல்லாத சார்பின் பெயரே தடயம். பெயரில் ‘ஜிஃபோர்ட்ரான்’ என்று வந்தால் அந்த லைப்ரரியைச் சேருங்கள். ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்று வந்தால், ஒரு சி++ லைப்ரரி ஜிசிசி 5க்கு முந்தைய முறையில் கம்பைல் ஆனது. அதை மறுபடி கட்ட வேண்டும்.

‘ரீகம்பைல் வித் எஃப்பிக்’ என்று லிங்கரே சொன்னால், கேள்வி கேட்காமல் அப்படியே செய்யுங்கள். நீங்கள் கட்டிய நிலையான (ஸ்டேட்டிக்) லைப்ரரியை, ‘வித் பிக்’ தேர்வுடன் மறுபடி கட்டினால் போதும். ‘ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்’ என்று வந்தால் 32 பிட், 64 பிட் கலந்துவிட்டது. மேக் கணினியில் இதுவே ஏஆர்எம், இன்டெல் செயலிகளின் கலப்பாக வரும். பழைய மேக் கணினியிலிருந்து ஹோம்ப்ரூவை அப்படியே நகலெடுத்து வந்தவர்களுக்கு இது நிச்சயம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தீராவிட்டால் ‘விச்’ கட்டளையால் ஜிசிசியும் லிங்கரான ‘எல்டி’யும் எங்கிருந்து ஓடுகின்றன என்று பாருங்கள். ஒன்று கணினியுடையதாகவும் மற்றது கோண்டாவுடையதாகவும் (தொகுப்புகளைத் தனிச் சூழலில் நிறுவும் கருவி) இருந்தால் அதுதான் காரணம். ‘கோண்டா டீஆக்டிவேட்’ கொடுத்து, கன்ஃபிகரிலிருந்து தொடங்குங்கள். தேர்வுகளையோ சூழலையோ மாற்றும்போதெல்லாம் மூலநிரலைப் புதிய கோப்புறையில் பிரித்துத் தொடங்குவது நல்லது.

அறிகுறி: நிறுவியாகிவிட்டது, ஓட்டினால் லைப்ரரி கிடைக்கவில்லை என்கிறது

‘லிப்ஜிஎம்பி.எஸ்ஓ.10: கேனாட் ஓப்பன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல்’. நிரலின் மீது ‘எல்டிடி’ கட்டளையை ஓட்டுங்கள். ‘நாட் ஃபவுண்ட்’ என்று எத்தனை வரிகள் வருகின்றனவோ அத்தனை லைப்ரரிகள் விடுபட்டிருக்கின்றன.

நிர்வாகியாக நிறுவியிருந்தால் ‘எல்டிகன்ஃபிக்’ ஓட்ட மறந்திருப்பீர்கள். உபுண்டுவில் அது போதும். ஃபெடோராவில் ‘லோக்கல் லிப்’ கோப்புறை தேடும் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். அதைச் சேர்த்துவிட்டு ஓட்டுங்கள்.

வீட்டுக் கோப்புறையில் நிறுவியவர்கள் ‘எல்டி லைப்ரரி பாத்’ மாறியை அமைத்து முதலில் சோதியுங்கள். ஆனால் அதை பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். தொடர்பே இல்லாத வேறு நிரல்களும் உங்கள் லைப்ரரியை எடுத்துக்கொண்டு விநோதமாக நடக்கும். கம்பைல் செய்யும்போதே எல்டிஃப்ளாக்ஸில் ‘ஆர்பாத்’ கொடுத்து முகவரியை நிரலுக்குள்ளேயே பதித்துவிடுவது நிலையான தீர்வு.

விடுபட்டது ‘லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.3’ அல்லது ‘4’ என்றால், அந்த நிரல் பழைய ஜிசிசியால் கட்டப்பட்டது. ஜிசிசி 8இலிருந்து அந்த எண் 5. புதிய கோப்புக்குப் பழைய பெயரில் இணைப்பு உருவாக்கி ஏமாற்றச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். எண் மாறியதே உள் அமைப்பு மாறியதால்தான். மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

‘ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்’ (ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) என்றால் புதிய கணினியில் கட்டிய நிரலைப் பழையதில் ஓட்டுகிறீர்கள். உபுண்டு 20.04இல் இருப்பது 2.31, 22.04இல் இருப்பது 2.35. பழைய கணினியிலேயே கம்பைல் செய்யுங்கள், இல்லையேல் இயங்குதளத்தைப் புதுப்பியுங்கள். ஜிலிப்சியை மட்டும் கையால் மாற்ற முயலவே கூடாது. கணினியில் உள்ள ஏறத்தாழ எல்லா நிரல்களும் அதன் மேல் நிற்கின்றன; தவறினால் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கூட ஓடாது. யாராவது அப்படிச் செய்துவிட்டால் கணினியை அணைக்காமல், திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல், நிர்வாகியைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’

ஒரு கணினியில் கட்டி மற்றவற்றுக்கு நகலெடுத்த ஆய்வகங்களில் இது வரும். ஜிஎம்பி தான் கட்டப்படும் செயலிக்கேற்ப நிரலைச் செதுக்கிக்கொள்ளும். புதிய செயலியின் கட்டளை பழைய செயலிக்குத் தெரியாது. ‘எனேபிள் ஃபேட்’ தேர்வுடன் கட்டினால் பலவகைச் செயலிகளுக்கான நிரல்களும் உள்ளே இருக்கும், ஓடும்போது உரியதைத் தேர்ந்துகொள்ளும். சிஃப்ளாக்ஸில் ‘மார்ச் நேட்டிவ்’ எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பாரியின் ஜிபி நிரலில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் குப்பை எழுத்து வருகிறது

பாரி கட்டப்பட்டபோது ரீட்லைன் (முன்பு தட்டிய வரிகளை மறுபடி அழைக்க உதவும் லைப்ரரி) கிடைக்கவில்லை. லிப்ரீட்லைன்-டெவ் நிறுவி, கன்ஃபிகரை மறுபடி ஓட்டி (பாரியில் அதன் பெயர் பெரிய எழுத்து சியில் தொடங்கும்), மீண்டும் கட்டுங்கள்.

அறிகுறி: ‘மேக் செக்’ தோற்கிறது, அல்லது விடை சரியாக வரவில்லை

கட்டிய மென்பொருளைச் சோதிக்கும் ‘மேக் செக்’கை நேரமில்லை என்று தாண்டிப் போகிறவர்கள் அதிகம். ஜிஎம்பியை எழுதியவர்களே, கம்பைலர்கள் அதைத் தவறாகக் கம்பைல் செய்வது உண்டு, சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள் என்று வற்புறுத்துகிறார்கள். பாரியில் அதற்கு இணையானது ‘மேக் பெஞ்ச்’.

அதற்குப் பிறகு நான் கையாலும் இரண்டு கணக்குகள் போட்டுப் பார்ப்பேன். ஜிபியில் ‘நம்ப்பார்ட்’ சார்புக்கு 200 கொடுத்தால் 3972999029388 வர வேண்டும். 200ஐ நேர் முழு எண்களின் கூட்டுத்தொகையாகப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கை அது. ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்து கேம்பிரிட்ஜுக்குப் போன இராமானுஜனும் கண்ட சூத்திரத்தைச் சரிபார்க்க, கணிதவியலாளர் மேக்மேகன் கையால் கணக்கிட்ட எண் அதுவே. அடுத்தது, 163இன் வர்க்கமூலத்தைப் பையால் பெருக்கி, அதை ‘எக்ஸ்ப்’ சார்புக்குக் கொடுங்கள். 262537412640768743.99999999999925 என்று தொடங்க வேண்டும். சாதாரண இரட்டைத் துல்லியத்தில் 15, 16 இலக்கங்களுக்கு மேல் தாங்காது. புள்ளிக்குப் பின்னால் பன்னிரண்டு ஒன்பதுகளும் அடுத்து 25உம் வந்தால் பன்மடங்குத் துல்லியக் கணக்கு ஒழுங்காக நடக்கிறது.

சோதனை தோற்றால்: அதே கோப்புறையில் மறுபடி ஓட்டுங்கள். தோற்கும் சோதனை ஒவ்வொரு முறையும் மாறினால் மேலே சொன்ன நினைவகக் கிளைக்குப் போங்கள். ஒரே சோதனை தோற்றால், ஓ1 கொடுத்தும் வேறு கம்பைலர் கொடுத்தும் கட்டிப் பாருங்கள். ஆக்டேவில் அணிக் கணக்குகள் மட்டும் தகர்ந்தால், அணிக் கணக்குகளைச் செய்யும் பிஎல்ஏஎஸ் லைப்ரரி 64 பிட் முழு எண்ணுடன் கட்டப்பட்டு, 32 பிட்டை எதிர்பார்க்கும் நிரலோடு சேர்ந்திருக்கலாம். தகராமல் வெறுமனே மெதுவாக இருந்தால், ‘அப்டேட் ஆல்டர்னேட்டிவ்ஸ்’ கட்டளையால் எந்த பிஎல்ஏஎஸ் பயன்படுகிறது என்று பார்த்து, ஓப்பன்பிஎல்ஏஎஸுக்கு மாற்றுங்கள். பெரிய அணிகளைப் பெருக்கும்போது வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இரண்டு கம்பைலர்களிலும், இரண்டு கணினிகளிலும் அதே சோதனை தோற்றால் அது மென்பொருளை உருவாக்கியவர்கள் பார்க்க வேண்டியது. அவர்களுக்கு எழுதும்போது மென்பொருளின் பதிப்பு, ஜிசிசியின் பதிப்பு, ‘யூநேம்’ கட்டளையின் முழு வெளியீடு, கன்ஃபிகருக்குக் கொடுத்த தேர்வுகள், முழுமையான கன்ஃபிக் லாக், தோற்ற சோதனையின் வெளியீடு ஆகியவற்றை எழுத்துக் கோப்புகளாக இணையுங்கள். திரையைப் படமெடுத்து அனுப்பினால் அதிலிருந்து ஒரு வரியைக்கூட அவர்களால் நகலெடுத்துத் தேட முடியாது.